இடுப்பளவுத் தண்ணீர்

எழுதிக்கொள்ளுங்கள்.
என் பெயர் தேசம்மா. புருஷன் பெயர் இதற்குத் தேவையில்லை.
தொழில், இறால் தடவுவது.
வலை கிடையாது, படகு கிடையாது.
ஓலைப் பரியைப் பல்லில் கவ்விக்கொண்டு
சேற்றில் முழங்காலிட்டு நகர்வோம்.
பழவேற்காட்டு ஏரியில் கண்ணுக்கு வேலை இல்லை ஐயா,
கலங்கல்.

அன்றைக்கு விடியலிலேயே எங்களைக் கரையேறச் சொன்னார்கள்.
வெள்ளோட்டமாம். மந்திரி வருகிறாராம்.
படகுத்துறையில் வாழைமரம் கட்டி
நாதஸ்வரக்காரர்களுக்கு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது.
நானும் நாத்தனார் எர்ரம்மாவும் ஏறவில்லை.
கோரைக்குப் பின்னால் குந்தியிருந்தோம்.
பரியில் கால் கிலோகூடத் தேறாத நாள்.

வடக்கே இருந்து வந்தது,
வயிற்றுக்குக் கீழே இரண்டு தோணி கட்டிய விமானம்.
ஒரு சுற்று. இன்னொரு சுற்று.
ராக்கெட் பார்த்துப் பழகிய கண் எங்களுக்கு.
அது போனால் போனதுதான்,
திரும்பி வந்து இறங்க இடம் கேட்காது.
மூன்றாம் சுற்றில் எர்ரம்மா சொன்னாள்:
"இன்னாடி, ஒத்தக் கால தொங்கவுட்டுனு வருது?"

ஆமாம். இடது தோணிக்கு அடியில் ஒரு சக்கரம்.
வலதில் இல்லை.
ஒற்றைக் காலில் நின்று தூங்கும் பூநாரைகூட
இறங்கும்போது இரண்டையும் நீட்டும்.
திரும்பிப் போயிருக்கலாமே என்று என்னைக் கேட்காதீர்கள்.
துறையில் மந்திரி மாலையோடு நின்றிருந்தார்.

சக்கரம் தண்ணீரைத் தொட்டது.
சத்தம் பிறகுதான் வந்தது.
மூக்கு குத்தி, வால் எழும்பி, கவிழ்ந்து
இரண்டு தோணியும் வானத்தைப் பார்த்தன.
நாதஸ்வரம் மூன்று மூச்சு கழித்து நின்றது.

இடுப்பளவுத் தண்ணீர் ஐயா.
எழுந்து நின்றால் பிழைக்கும் ஆழம்.
பட்டை கட்டித் தலைகீழாகத் தொங்குகிறவருக்கு
அதுவே கடல்.

நாங்கள் ஓடவில்லை. அந்தச் சேற்றில் யாரும் ஓட முடியாது.
தவழ்ந்தோம்.
உடைந்த கண்ணாடி வழியே கை விட்டேன்.
முதலில் மயிர். பிறகு காது, கழுத்து.
மார்பில் குறுக்கே போன பட்டையைப் பிடித்து
இடுப்புவரை விரலை நடத்தினேன்.
அங்கே ஒரு இரும்பு, நண்டின் வயிற்று மூடி மாதிரி.
நண்டை எப்படித் திறப்போமோ அப்படித்தான்,
நகம் கொடுத்து நெம்பினேன்.
விழுந்தார். அவர் விமானி.
எர்ரம்மா இழுத்தது சுற்றுலா ஆபீஸ் பெண்ணை.
வாயெல்லாம் சேறு, ஆனால் இருமினாள்.

மூன்றாவது ஆளிடமும் பட்டையைத்தான் தேடினேன்.
தோள், மார்பு, இடுப்பு, மறுபடி தோள்.
இல்லாத ஒன்றை
எவ்வளவு நேரம் தேடினேனோ தெரியாது.
கையில் மட்டும் ஒரு கம்பி.
விரல் விரலாகப் பிரித்தேன், விடவில்லை.

அது கைப்பம்பின் பிடி என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.
குழாயில் எண்ணெய் கசிந்து சக்கரம் மடங்காமல் நின்றால்
கையால் அடித்து மடக்குவதாம்.
பட்டையைக் கழற்றினால்தான் எட்டுமாம்.
வெங்கடகிரிக்காரர், மெக்கானிக், பெஞ்சலய்யா.
வலது சக்கரம் உள்ளே போனது அவர் அடித்து என்றால்
இடதுக்கு இன்னும் எத்தனை அடி பாக்கி இருந்தது?
உங்கள் தாளில் அதற்குக் கட்டம் இருக்கிறதா?

மூக்கு தமிழ்நாட்டில், வால் ஆந்திராவில் என்று
இரண்டு போலீசும் மதியம்வரை கயிறு பிடித்து அளந்தார்கள்.
அதுவரை அவர் ஒரு படகில் கிடந்தார்,
முகத்தில் என் துண்டு.
மறுநாள் பேப்பரில் இரக்கம் தீவை
வல்லின றகரம் போட்டு இறக்கம் என்று அச்சடித்ததாக
ஆரம்பாக்கம் டீக்கடையில் சொல்லிச் சிரித்தார்கள்.

கையெழுத்தா? கைநாட்டுதான்.
மை வேண்டுமா என்ன, பாருங்கள்,
அந்த எண்ணெய் நகத்திடுக்கில் இன்னும் கறுப்பாக இருக்கிறது.
பத்து நாளாக
இறால் என் கையை மோந்துவிட்டு விலகிப் போகிறது.
அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.